இரண்டு யூனிட்

எங்கள் மனையில் கடப்பாரை இறங்காது,
துள்ளும்.
ஓரடி சரளை, அதற்குக் கீழே செம்புறாங்கல்,
அதற்கும் கீழே என்னவென்று
பார்த்தவர் கண்டனூரில் யாருமில்லை.

அதனால் மேலே கட்டினேன்.
ஹாலோ பிளாக் இரண்டு வரிசை,
பத்தடிக்கு நாலடி, ஒன்றேகாலடி உயரம்,
மொத்தம் நாலு பாத்தி.
வேலிக்கு அந்தப்பக்கம் நின்று
“முயல் வளக்கப் போறியா?” என்றாள் தெய்வானை.

இருநூறு கன அடி. இரண்டு யூனிட்.
மின்வாரிய கவுன்டரில் உட்கார்ந்து
ஊர்க் கரண்ட் கணக்கெல்லாம் பார்க்கிறவளுக்கு
இந்தக் கணக்கு மட்டும் தூக்கத்தில் வந்தது.
சீட்டு எடுத்து, தள்ளுபடி போய்,
கையில் நின்றது ஏழாயிரம்.

நர்சரியில் கலந்து வைத்த மண்
மூட்டை நூற்றெண்பது.
பெருக்கிப் பார்த்தேன்.
அந்தக் காசுக்குச் சாகிற வரைக்கும்
சந்தையிலேயே கத்தரிக்காய் வாங்கித் தின்னலாம்.

சேவுகன் டிராக்டரில் செம்மண்,
யூனிட் இரண்டாயிரத்து எண்ணூறு.
“நிறத்தைப் பாருங்கக்கா” என்றான்.
நிறம் நல்ல நிறம்தான்.
நிறத்தில் என்ன காய்க்கும்?
டிராக்டர் மேலேயே ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தேன்.
சிரித்தான்.

அடுத்த தெருவில் ஒரு பெரிய வீட்டை இடிக்கிறார்கள்.
பங்காளிகள் பதினொரு பேர்.
தூணுக்கு ஆள் வந்தது, கதவுக்கு ஆள் வந்தது,
தரைக்கல்லைக்கூட எண்ணி ஏற்றினார்கள்.
மண்ணைக் கேட்பாரில்லை.
“சும்மா அள்ளிக்கங்க” என்றார் மேஸ்திரி அருளப்பன்.
சும்மா என்கிற சொல்
இரண்டு நாள் காதில் இனித்தது.

மூன்று மண், மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்,
முக்காலுக்குத் தண்ணீர்.
குலுக்கி அலமாரியில் வைத்தேன்
உப்புக்கும் புளிக்கும் நடுவே.
செம்மண் ஒரு நிமிஷத்தில்
முக்கால்வாசி மணலாய் உட்கார்ந்தது.
கண்மாய் வண்டல் மறுநாளும் கலங்கியே இருந்தது,
சொல்ல வந்ததை மறந்தவர் மாதிரி.
இடித்த வீட்டு மண்ணில் எலுமிச்சை விட்டதும்
சீறியது.
சுண்ணாம்பு.
நூறு வருஷம் சுவராய் நின்றது
இன்னும் சுவராகத்தான் இருக்கிறது.
வெண்டை அதில் மஞ்சளித்தே செத்துப்போகும்.
இருந்தாலும் நாலு தட்டு வாங்கி
வாசல் பள்ளத்தில் கொட்டினேன்.
சும்மாவை முழுசாய் விட மனசு வரவில்லை.

கடைசியில் நடந்தது இது.
பாதி ஆழத்துக்குத் தேங்காய் மட்டை,
முருங்கைக் கிளை, வேப்பஞ்சருகு. காசில்லை.
அதன்மேல் செம்மண் அரை யூனிட், ஆயிரத்து நானூறு.
தாலுகா ஆபீசில் சீட்டு வாங்கி
வண்டல் அள்ளிய முத்துராக்கு
வயலுக்குப் போக மிஞ்சியதைக் கொடுத்தார்,
ஏற்றி இறக்கும் கூலி மட்டும் தொள்ளாயிரம்.
ஆட்டுப் புழுக்கை பத்து மூட்டை ஆயிரத்து இருநூறு.
புதுவயல் மில்லில் கருகிய உமி
ஆறு சாக்கு இருநூற்று நாற்பது.
லோடு ஆட்டோ ஐநூறு. கொத்திக் கலக்க ஆள் தொள்ளாயிரம்.
ஐயாயிரத்து நூற்று நாற்பது.
மிச்சத்தைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

ஒன்பதாம் நாள் முளைத்தது.
நான் போட்டதில்லை.
கோரை.
கூடவே பிஞ்சு முள்ளோடு சீமைக்கருவேலம்.
கண்மாய் வரும்போது
தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.
ஒரு நத்தை ஓடு, உள்ளே யாருமில்லை.

ஆவணிக் கடைசியில் வெண்டை காய்த்தது.
தெய்வானைக்கு அரைக் கிலோ கொடுத்தேன்.
முயலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும்.

ஐப்பசி மழை விட்டபின் அளந்தேன்.
பாத்தி நாலு விரல் இறங்கியிருந்தது.
அடியில் மட்டை மக்குகிறது.
நல்லதுதான்,
ஆனால் நான் எழுதிய கணக்கில்
இறங்குவதற்கென்று ஒரு வரி இல்லை.

சேவுகனைக் கூப்பிட்டேன்.
“யாரு, எலுமிச்சங்கா அக்காவா?”
அரை யூனிட் என்றேன்.
“டீசல் ஏறிப்போச்சுக்கா, ஆயிரத்து அறுநூறு.”
பழைய இடத்து மண்தானா என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் டிராக்டர் சத்தம் மட்டும்.
“ஆமாக்கா” என்றான்.

ஒரு பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.